ஒளிய இடமில்லாத வீடு

காத்திக் நாவல்களுக்கு ஒரு வாடிக்கை உண்டு. பாழடைந்த மாளிகை இருக்கும், பூட்டிய அறை இருக்கும், அந்தக் குடும்பம் தலைமுறையாக மறைத்துவந்த ரகசியம் ஒன்று இருக்கும். வாழ வந்த பெண் அதைத் துப்புத் துலக்குவாள். தமிழ் சினிமாவும் அந்த மாளிகையை இறுகப் பிடித்துக்கொண்டு இன்னும் விடவில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் அப்படிப்பட்ட மாளிகைகளைத் தேடினால் கிடைக்காது. இங்கே இருப்பவை வீடுகள் ஒட்டியொட்டி நிற்கும் வளவுகளும், காட்டுக்கு நடுவே கட்டிய சாளைகளும். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் பங்காளி இருப்பான். இங்கே ஒரு குடும்பம் எதை, யாரிடமிருந்து மறைக்க முடியும்?

பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013) இந்தக் கேள்விக்குள்தான் நடக்கிறது. அது காத்திக் நாவல் என்று அவர் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வகையின் எலும்புக்கூடு முழுசாக உள்ளே இருக்கிறது. தோலூரில் சோடாக் கடை வேலைக்குப் போன குமரேசன், அங்கே சரோஜாவைக் காதலித்து, கல்யாணம் முடித்து, பஸ் ஏறி ஊருக்குக் கூட்டிவருகிறான். வெறும் பாறைமேல் ஒரு குடிசை. அதில் விதவைத் தாய் மாராயி. மருமகளைப் பார்த்ததும் அவள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிடுகிறார்கள். வந்தவளின் நிறத்தைப் பார்க்கிறார்கள். பார்த்ததுமே சந்தேகம் வந்துவிடுகிறது. நம்ம சாதிதான் என்று குமரேசன் சாதிக்கிறான். ஒருவர்கூட நம்பவில்லை.

நாவலின் பெரிய சாதனை இந்த இடத்தில்தான் இருக்கிறது. காத்திக் கதையில் ரகசியம் வீட்டினுடையது. அதைத் துருவுகிறவள் மருமகள். இங்கே மருமகள்தான் ரகசியம். துருவுவது வீடும் ஊரும். பூட்டிய அறைக்குப் பதில், சாத்த முடியாத கதவு. பட்டப்பகல் வெயிலில், மறைவே இல்லாத பாறையில், யார் வேண்டுமானாலும் வந்து நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்ற நிலையிலிருந்து பயம் பிறக்கிறது. இருட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு பயமுறுத்துவது எழுத்தாளனுக்குச் சுலபம். வெயிலை வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேறு கை வேண்டும்.

எமிலி பிராண்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' (1847) நாவலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். லிவர்பூல் தெருவில் கண்டெடுத்த ஹீத்கிளிஃபை எர்ன்ஷா வீட்டுக்குக் கூட்டிவருகிறார் பெரியவர். அவர் போன பிறகு மகன் ஹிண்ட்லி அவனைப் பண்ணையாளாகத் தாழ்த்துகிறான். அவனுடைய பிறப்பும் யாருக்கும் தெரியாது. ஆனால் அவனுக்குக் காலம் கிடைக்கிறது. ஊரை விட்டுப் போய், பணத்தோடு திரும்பி, இரண்டு குடும்பங்களின் சொத்தையும் பிடுங்கிப் பழிதீர்க்கிறான். சரோஜாவுக்கு அந்த அவகாசம் இல்லை. பழிதீர்க்க வேண்டாம், ஒரு பிள்ளையைப் பெற்றெடுக்கக்கூட விடமாட்டார்கள்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன்.

முதலாவது, மாராயி. அவளை அரக்கியாக எழுதவில்லை என்பது உண்மைதான். தனியாளாகப் பாடுபட்டு வளர்த்த ஒற்றை மகன். ஊர் விலக்கிவிட்டால் சாவுக்குக்கூட ஆள் வராது என்ற பயம். அதெல்லாம் நமக்குப் புரிகிறது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் நம் காதில் விழுவது அவள் குரல்தான்: வசவு, ஒப்பாரி, சாபம். மகள்வழிப் பேரனை அடித்து அவமானப்படுத்தும் அப்புச்சி வீட்டு ஆண்களும், கோயில் நோன்பியைச் சாக்கிட்டு ஊர்க்கூட்டம் போட்டு அந்தக் குடும்பத்தை விலக்கிவைக்கும் ஆண்களும் வந்து வந்து போகிறார்கள். முடிவில் தீ வைப்பவர்களுக்கு முகமே இல்லை. படித்து முடித்தவரிடம் வில்லி யார் என்று கேட்டால் மாமியார் என்றுதான் சொல்வார். சாதியின் குற்றத்தை மாமியார் கொடுமைக் கணக்கில் எழுதிவிட இது இடம் தருகிறது.

இரண்டாவது, இரண்டு சாதிகளின் பெயரும் நாவலில் இல்லை. எந்த ஊர் வாசகரும் தன் ஊரைப் பொருத்திக்கொள்ள முடிவது இதன் பலம். அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனதற்கும் இதில் பங்கு இருக்கலாம். ஆனால் திருச்செங்கோட்டிலோ ராசிபுரத்திலோ உட்கார்ந்து படிப்பவருக்குப் பேச்சுவழக்கு ஒன்றே போதும், எல்லாம் விளங்கிவிடும். விளங்கிய பிறகும், நம்மைச் சொல்லவில்லை என்று நகர்ந்துகொள்ள ஒரு சந்து திறந்திருக்கிறது. சாதி கடந்து மணந்து, பிறகு பிணமாகக் கிடந்த தலித் இளைஞர் தர்மபுரி இளவரசனுக்குப் புத்தகத்தைச் சமர்ப்பித்தவர் அந்தச் சந்தையும் அடைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

நாவல் வந்து இரண்டு வருடத்தில், 2015 ஜூனில், ஓமலூரைச் சேர்ந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குத் தோழியோடு வந்திருந்தபோது கடத்தப்பட்டார். பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் இருவரின் தண்டனையை மட்டும் ஐந்தாண்டாகக் குறைத்து, மற்றவர்களின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. அந்த வழக்கில் தண்டனை பெற்ற முக்கியக் குற்றவாளி ஒரு சாதி அமைப்பின் தலைவர். குடும்பத்துக்கு வெளியே, அமைப்பாகத் திரண்ட ஆண்கள். 'பூக்குழி' மங்கலாக விட்ட இடம் இதுதான்.

இதே ஆசிரியரின் 'மாதொருபாகன்' (2010) இந்தக் குறையைத் தாண்டியிருக்கிறது. பிள்ளையில்லாத காளி, பொன்னா குடும்பத்திலும் தலைமுறைச் சாபம் உண்டு, மலைமேல் வறடிக்கல் உண்டு. ஆனால் அங்கே சதி செய்கிறவர்களுக்கு முகம் இருக்கிறது. காளிக்கு உயிர் நண்பனான மைத்துனன் முத்துவே, பிள்ளைக்காக வேற்று ஆணைக் கூடும் திருவிழா இரவுக்குக் காளி சம்மதித்துவிட்டான் என்று தங்கை பொன்னாவிடம் பொய் சொல்லி அனுப்பிவைக்கிறான். கெடுதல் நினைத்து அல்ல, பாசத்தினால். பாசம் இப்படி வேலைசெய்வதைக் காட்டியதால்தானோ என்னவோ, 2014 டிசம்பரில் அந்தப் புத்தகத்தைத் திருச்செங்கோட்டில் எரித்தார்கள்.

'பூக்குழி'யின் கடைசிப் பக்கங்களில் சரோஜா முள்புதருக்குள் ஒளிந்திருக்கிறாள், வயிற்றில் பிள்ளையோடு. புதருக்குத் தீ வைக்கிறார்கள். குமரேசனின் சைக்கிள் சத்தம் கேட்பதுபோல இருக்கிறது. நாவல் அதோடு நின்றுவிடுகிறது. அவன் வந்து சேர்ந்தானா என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தச் சத்தத்தை நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. தன்னை ஊர் ஒன்றும் செய்துவிடாது என்ற குமரேசனின் நினைப்பு கதை முழுக்க அவளுக்குத்தான் ஆபத்தாக முடிந்திருக்கிறது. கடைசி நொடியில் மட்டும் அது உதவும் என்பதற்கு நாவலில் ஆதாரம் இல்லை.

இரண்டில் 'மாதொருபாகன்' பெரிய நாவல். இருந்தாலும் இந்தப் பக்கத்து இளைஞர்கள் முதலில் படிக்க வேண்டியது 'பூக்குழி'தான் என்பேன். மாராயியை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் அவளோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். ஊர்க்கூட்டத்தில் யார் யார் பேசினார்கள் என்று அந்தப் பக்கங்களை இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள்.