மலைச் சிறுவனும் படிக்கும் நூல்

பல இனத்தார், பல மொழியினர், பல வழிபாட்டினர் வாழும் வாழ்வைச் சிறுவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் எடுத்துரைக்கும் நூல்கள் இன்று தமிழிலும் பெருகி வருகின்றன. கண்காட்சிகளில் அவற்றைத் தேடி வாங்கும் பெற்றோரும் உளர். மகிழத்தக்க செய்தியே. எனினும், இந்நூல்களை எடைபோடும்போது நாம் கேட்க மறந்துவிடும் வினா ஒன்று உண்டு. பிறரைப் பற்றி எழுதப்பட்ட நூலை, அந்தப் பிறருடைய பிள்ளையே கையிலெடுத்துப் படித்தால் என்ன ஆகும்?

கல்வராயன் மலையடிவாரத்தில் பணிபுரியும் நமக்கு இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. வெள்ளிமலையிலிருந்தும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் இறங்கிவந்து, கீழ்நாட்டு விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளை நாள்தோறும் காண்கிறோம். இவர்கள் மலையாளிகள். இச்சொல்லைக் கேட்டதும் கேரளத்தவர் என எண்ணுவோர் நம் வாசகரிடையேயும் இருக்கக்கூடும். சேர்வராயன், கொல்லி, பச்சை, சவ்வாது, கல்வராயன் ஆகிய மலைகளில் வாழும், தமிழையே தாய்மொழியாகக் கொண்ட பழங்குடியினர்க்கு வழங்கும் பெயர் அது. கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அந்த ஆட்சி அகன்றது. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமும் ஆயிற்று. ஆனால் நம் சிறுவர் நூலடுக்கில் இம்மக்கள் இன்னும் குடியேறவில்லை. தன் இனத்தின் பெயரையே விளக்கிச் சொல்லிய பிறகுதான் வகுப்பில் அமரவேண்டும் என்ற நிலையிலுள்ள பிள்ளைக்கு நூல் என்ன செய்யும் என்பதே நம் அக்கறை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய குறையன்று. 1965-இல் நான்சி லாரிக் என்னும் அமெரிக்க அம்மையார், அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் அந்நாட்டில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்தார். அவற்றுள் 349 நூல்களில் மட்டுமே கறுப்பினத்தார் ஒருவரேனும் இடம்பெற்றிருந்தனர். படங்களில் இருப்போர் எப்போதும் வெள்ளைக் குழந்தைகளாகவே இருப்பதேன் என்று ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி கேட்டதை அவர் தம் கட்டுரையின் தொடக்கத்திலேயே குறிப்பிடுகிறார். 1990-இல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்னும் பேராசிரியை, நூல் என்பது சில பிள்ளைகளுக்குக் கண்ணாடி, சிலருக்குச் சன்னல் என்று உவமித்தார். உவமை அழகியது, இன்று எங்கும் எடுத்தாளப்படுவது. நமக்கோ அதில் ஒரு சிறு தயக்கம் உண்டு. சன்னல் வழியே பார்ப்பவனை எல்லாரும் எண்ணிப் பார்க்கின்றனர். பார்க்கப்படுபவன் வீட்டுக்குள் இருந்துகொண்டு என்ன நினைக்கிறான் என்பதை எண்ணுவோர் சிலரே.

நம் பங்கு நூலகத்தில் பழைய ராணி காமிக்ஸ் இதழ்கள் சில இருக்கின்றன. அவற்றில் முகமூடி வீரர் மாயாவிக்கே கிராக்கி அதிகம். லீ பாக் என்னும் அமெரிக்கர் 1936-இல் படைத்த பாத்திரம் அது. அடர்ந்த காட்டில் மண்டையோட்டுக் குகையில் வாழும் வெள்ளை வீரனைச் சாவில்லாதவன் என்று காட்டுமக்கள் நம்புகின்றனர். நச்சம்பு ஏந்திய குள்ளர் கூட்டம் அவனுக்குக் காவல் நிற்கிறது. விறுவிறுப்பான கதைதான்; நம் தலைமுறையில் அதைப் படிக்காதவர் அரியர். ஆனால் இக்கதையை வைத்துப் பிள்ளைகள் விளையாடியதை ஒருநாள் கண்டோம். மாயாவியாக நின்றவன் கடைத்தெருச் சிறுவன். அம்பெய்யும் குள்ளனாக நிற்குமாறு பணிக்கப்பட்டவன் மலையிலிருந்து வந்தவன். வகுப்பில் அவனே உயரமானவன் என்பதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. அவனும் மறுப்புச் சொல்லவில்லை. நூலில் தீயநோக்கு ஏதும் இருக்கவேண்டியதில்லை. யார் யாராக நிற்கவேண்டும் என்பதை அது முன்கூட்டியே பங்கிட்டு வைத்துவிடுகிறது.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு வேற்றுநாட்டு வாழ்வைத் தமிழில் அள்ளி வழங்கியவை சோவியத் பதிப்பகங்களே. நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சில ரூபாய்க்குக் கெட்டி அட்டை நூல் கிடைத்த காலத்தை நம் வயதினர் மறக்கமாட்டார்கள். 1991-இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அந்த ஊற்று வற்றியது. அவ்வரிசையில் நாம் மிக உயர்வாகக் கருதுவது சிங்கிஸ் ஐத்மாத்தவ் 1962-இல் எழுதிய ‘முதல் ஆசிரியர்’. கிர்கீசிய மலைச்சிற்றூர் ஒன்றுக்குப் பழைய படைவீரர் மேலங்கியோடு தூய்ஷேன் என்னும் இளைஞன் வருகிறான். அவனுக்கே எழுத்தறிவு அரைகுறை. செல்வன் ஒருவனின் பாழடைந்த குதிரைக் கொட்டிலைத் தானே மெழுகிப் பள்ளியாக்குகிறான். ஊரார் எள்ளி நகையாட, உறைபனிக் காலத்து ஓடையில் வெறுங்காலுடன் இறங்கிப் பிள்ளைகளைத் தோளிலும் கையிலும் சுமந்து அக்கரை சேர்க்கிறான். ஆல்தினாய் என்னும் தாயற்ற பெண்ணைச் சித்தி ஒரு செல்வனுக்கு இரண்டாம் மனைவியாக விற்றுவிட, அடியுண்டு கையொடிந்தும் அவளை மீட்டுக் கல்விக்கு அனுப்புகிறான். பல்லாண்டுகள் கழித்து அவள் பேரறிஞராகி, ஊரின் புதிய பள்ளியைத் திறந்துவைக்க வருகிறார். அன்று விருந்தினர் கூடியிருக்கும் அவைக்குக் குதிரைமீது வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறவர் முதியவராகிவிட்ட தூய்ஷேன்! அவரைப் பற்றிச் சிரித்துப் பேசுவோர் நடுவே ஆல்தினாய் கூசிப்போகிறார்.

மலைப்பள்ளிகளின் ஆசிரியர்களை அறிந்தோர் இந்நூலைக் கண்ணீரின்றி மூட இயலாது. ஆனாலும் நம் வினாவை இங்கும் கேட்கவேண்டும். ஒரு மலைப்பிள்ளை இதில் தன் ஊரைத் தேடினால் காண்பது என்ன? அறியாமை, ஏளனம், பெண்ணை விற்கும் சித்தி. ஒளி முழுவதும் வெளியிலிருந்து வருகிறது. தூய்ஷேனும் அம்மண்ணின் மகனே என்பது உண்மை. ஆனால் அவன் கொண்டுவரும் செய்தி நகரத்தில் எழுதப்பட்டது. ஊருக்கென்று ஒரு கதை, ஒரு பாட்டு, ஒரு வழிபாடு இருந்ததாக இந்நூலில் நமக்கு அழுத்தமாகத் தெரியவில்லை. இக்குறை பொதுவுடைமை நாட்டு நூல்களுக்கு மட்டும் உரியதென நாம் தள்ளிவிட முடியாது. மறைபரப்பு இதழ்களில் வந்த சிறுவர் கதைகள் பலவும் இதே அச்சில் வார்க்கப்பட்டவை.

வியப்பு என்னவெனில், அதே ஐத்மாத்தவ் 1970-இல் வெளியிட்ட ‘வெள்ளைக் கப்பல்’ இதற்கு மறுமொழி போல் அமைந்திருக்கிறது. காட்டுக் காவலர் குடியிருப்பில் பாட்டனோடு வாழும் பெயரில்லாச் சிறுவன் ஒருவன். தம் குலத்தின் கடைசி இரு குழந்தைகளைக் காப்பாற்றிப் பாலூட்டிய கொம்புடைய தாய்மானின் கதையைப் பாட்டனிடம் கேட்டு வளர்கிறான்; அதனை உண்மையென்றே நம்புகிறான். மேலாளனின் மிரட்டலுக்கு அஞ்சிய அந்தப் பாட்டனே ஒருநாள் மானைச் சுடவேண்டியதாகிறது. சிறுவன் மீனாகிவிடும் எண்ணத்தோடு ஆற்றில் இறங்கிவிடுகிறான். பதின்வயதினர்க்கு இம்முடிவைக் கொடுக்கலாமா என்று கேட்போர் இருப்பர். கொடுக்கலாம் என்பதே நம் கருத்து. உடனிருந்து பேசவும் வேண்டும். இங்கே மலையின் கதை மூடநம்பிக்கையாக ஒதுக்கப்படவில்லை. அதைக் காட்டிக்கொடுத்தவர்களே குற்றவாளிகள்.

இவ்விடத்தில் நம் வீரமாமுனிவரை நினையாமல் இருக்க இயலவில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து விருத்தாசலம் பக்கம் சென்றால் அவர் எழுப்பிய கோனான்குப்பம் பெரியநாயகி அன்னை ஆலயத்தைக் காணலாம். இத்தாலியில் பிறந்த அவர் எழுதிய ‘பரமார்த்த குருவின் கதை’ 1822-இல் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் இலண்டனில் அச்சேறியது. இன்றும் தமிழ்ச் சிறுவரைச் சிரிக்கவைக்கிறது. அயலார் ஒருவர் நம் நாட்டுக் குருவையும் சீடரையும் நகைப்புக்கு உள்ளாக்கினார் என்று குறைகூறுவோர் உண்டு. அக்குறையை நாம் முற்றிலும் மறுக்கவில்லை. ஆயினும் மட்டி, மடையன், பேதை, மூடன் என்ற நால்வரோடு ஐந்தாவது மூடனுக்கு அவர் இட்ட பெயர் மிலேச்சன் என்பதைக் கவனித்தோமா? அயல்நாட்டாரை இந்நாட்டார் இழித்துரைத்த சொல் அது. தம்மைச் சுட்டும் வசையையே முட்டாள்களின் வரிசையில் நிறுத்திய எழுத்தாளரோடு நாமும் சேர்ந்து சிரிக்க முடிகிறது.

இந்திய நூல்களுக்கு வருவோம். மகாசுவேதா தேவி எழுதி, சென்னைத் தூலிகா பதிப்பகம் 2003-இல் வெளியிட்ட படக்கதையில் மொய்னா என்னும் சபர் பழங்குடிச் சிறுமி வருகிறாள். வங்கத்துக் குடியானவரின் ஆடுகளை மேய்க்கும் அவளுக்கு எதைக் கண்டாலும் ‘ஏன்’ என்ற கேள்வி. ஆண்டை வீட்டு மிச்சத்தை நான் ஏன் உண்ணவேண்டும்? தண்ணீருக்கு ஏன் இவ்வளவு தொலைவு நடக்கவேண்டும்? தந்தை வேலை தேடித் தொலைநகரம் போயிருக்கிறார். காபித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் தகப்பன்மார் கூலிக்குச் செல்லும் கல்வராயன் வீடுகளில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. மொய்னாவும் பள்ளிக்குச் செல்கிறாள், அவளும் ஆசிரியையாகிறாள். ஆல்தினாயின் கதைதானே என்று தோன்றலாம். வேறுபாடு இதுவே: மொய்னாவை எவரும் தூக்கிச் சென்று அக்கரை சேர்க்கவில்லை. கேள்வி அவளுடையது, பள்ளிக்கு நடந்த கால்களும் அவளுடையவை. இந்நூலை மலைச்சிறுமி ஒருத்தி கீழ்நாட்டுத் தோழியின் பக்கத்தில் அமர்ந்து, தலைகுனியாமல் வாசிக்கலாம்.

இதனினும் ஒருபடி மேலே செல்கிறது, சென்னையின் தாரா பதிப்பகம் 2004-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பஜ்ஜு சியாமின் இலண்டன் நூல். மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியரான அவர், இலண்டன் உணவகம் ஒன்றின் சுவரில் ஓவியம் தீட்ட 2002-இல் அழைக்கப்பட்டார். திரும்பி வந்து தாம் கண்ட நகரத்தைக் காட்டுவிலங்குகளின் உருவில் வரைந்தார். வானூர்தி பறக்கும் யானையாகிறது. புகழ்பெற்ற மணிக்கூண்டு சேவலோடு ஒன்றாகிறது. நேரத்தை அறிவிக்கும் உயிர் அவர் ஊரில் அதுதானே! வழிதவறாமல் கொண்டுசேர்த்த பேருந்து நன்றியுள்ள நாயாகிறது. மாலையில் மதுக்கூடங்களில் கூடும் ஆங்கிலேயர் வௌவால்கள் ஆகின்றனர். கிப்ளிங் காட்டைப் பார்த்தார். காடு இப்போது கிப்ளிங்கின் தலைநகரைப் பார்க்கிறது, பகையின்றி, உரிமையோடு. நம் சென்னையில் உருவான இந்நூலின் விலையும் மொழியும் வெள்ளிமலைப் பள்ளிக்கு எட்டுமாறு இல்லை என்பதே வருத்தம்.

கல்வராயனுக்கு என்று என்ன இருக்கிறது? பெரியவர்க்கான நாவல்கள் மலைமக்களை மறக்கவில்லை. படகர் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் ‘குறிஞ்சித்தேன்’ நாவலில் எழுதினார். கொல்லிமலை மலையாளிகளை கு. சின்னப்ப பாரதி ‘சங்கம்’ நாவலில் எழுதினார். பத்து வயதுப் பிள்ளைக்கு அவை கனமானவை. அப்பிள்ளைக்கு ஏற்ற கதை மலையிலேயே உண்டு. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பியர் ஆளுக்கொரு மலையில் குடியேறினர் என்று மலையாளிகள் வழிவழியாகச் சொல்லிவருகின்றனர். பிரிந்த உடன்பிறப்புகள், நெடும்பயணம், ஏற முடியாத மலை: சிறுவர் நாவலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கரிராமன் கோயில் திருவிழா உண்டு. சாமையும் மரவள்ளியும் கடுக்காயும் உண்டு. மரவள்ளிக் கிழங்கு மலையிறங்கிச் சவ்வரிசியாகி நம் வீட்டுப் பாயசத்தில் மிதப்பதையே ஒரு படக்கதையாக்கலாம்.

எழுத முன்வருவோர்க்கு ஒன்று சொல்வோம். சாராயம், வறுமை, பள்ளி இடைநிற்றல் ஆகிய செய்தித்தாள் கல்வராயனை மட்டும் கொண்டு கதை செய்யவேண்டாம். அவையெல்லாம் உண்மையே, கதையிலும் வரட்டும். ஆனால் தீபாவளி விடுமுறைக்கு வீடு செல்லும் விடுதிச் சிறுவன் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை கண்ணில் பட்டதும் பேருந்தில் எழுந்து நிற்கிறானே, அந்த மகிழ்ச்சியும் கதையில் வரவேண்டும். எழுதியதை அச்சுக்குக் கொடுக்குமுன் மலையில் ஒரு வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டுவதும் நன்று. எவ்விடத்தில் பிள்ளைகள் சிரிக்கின்றனர், எவ்விடத்தில் தலை தாழ்கிறது என்பதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அண்ணன் தம்பியர் கதையில் எவர் எம்மலைக்குப் போனார் என்பது மலைக்கு மலை மாறும். வெள்ளிமலைப் பாட்டி ஒன்று சொல்வார்; ஏற்காட்டுப் பாட்டி வேறொன்று சொல்வார். எது சரி என்று நாம் தீர்ப்புக் கூறாமல், இரண்டையும் ஒரே நூலில் அச்சிட்டுவிடலாம்.