'அன்னல்ஸ்' வரலாறு ஆகுமா?

ஆங்கில வேதவிளக்க நூல்களில் வரும் 'அன்னல்ஸ்' என்னும் சொல்லை நம்மவர் 'வரலாறு' என்றே பெயர்த்து எழுதுகின்றனர். இது பொருந்துமா என்று ஆராய்தல் நன்று.

'ஆண்டு' எனப் பொருள்படும் 'அன்னுஸ்' என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேர். பண்டை ரோமாபுரியின் தலைமைக் குரு, ஆண்டுதோறும் நிகழ்ந்தவற்றை வெண்பலகையில் பதித்து வந்தார். தானிய விலையேற்றமும் கிரகணமுமே அதில் இருந்தன என்று கேட்டோ என்பார் குறைகூறினார். பதிதல் 'அன்னல்ஸ்', பதிந்தவற்றை ஆராய்ந்து தீர்ப்புரைத்தல் வரலாறு. இரண்டும் ஒன்றல்ல.

திருமறை இவ்வேறுபாட்டை நன்கு அறியும். 1 இராஜாக்கள் 14:19 குறிப்பிடும் 'நாளாகமப் புஸ்தகம்' நம் கையிலுள்ள நாளாகமம் அன்று. மறைந்துபோன அரசவைப் பதிவேடு. அசீரியர் இஸ்ரவேலை 'உம்ரியின் வீடு' என்று அழைக்குமளவிற்குப் பெயர்பெற்ற உம்ரியின் ஆட்சிக்கு, 1 இராஜாக்கள் 16:23-28 ஆகிய ஆறு வசனங்களே கிடைத்தன. மற்றவற்றை அறிய விரும்புவோரைப் பதிவேட்டிற்கே அனுப்புகிறார் ஆசிரியர். அவர் எழுதியது இறைநோக்கில் அமைந்த வரலாறு. ஆயினும் பதிவேட்டை அவர் இகழவில்லை.

நம் சேலம், நாமக்கல் சமவெளி மக்களும் பதிவின் அருமையை உணர்ந்தவர்களே. 1876-78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தைத் 'தாது வருஷப் பஞ்சம்' என்று ஆண்டின் பெயராலேயே நினைவில் வைத்தனர். ஆனால் அறுபதாண்டுச் சுற்றில் அப்பெயர் திரும்பவும் வரும். நாமக்கல் தனி மாவட்டமான 1997 ஜனவரியும் ஒரு தாது வருஷமே. ஆகவே நினைவு மட்டும் போதாது, ஏடும் வேண்டும்.

1827இல் லண்டன் மிஷன் சேலத்தில் பணி தொடங்கியது முதல் இப்பகுதியில் திருச்சபை வளர்ந்துவந்திருக்கிறது. அதன் ஏடுகள் எங்கே? நாம் அறிந்த ஒரு சபையில் விழா மலர் அச்சானதும், 'வரலாறுதான் வந்துவிட்டதே' என்று பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிட்டனர். மலரில் ஆயர்களும் நன்கொடையாளரும் இடம்பெற்றிருந்தனர். அச்சபையில் முதலில் ஞானஸ்நானம் பெற்ற கூலிப்பெண் ஒருவரின் பெயரை நாம் முன்னர் அவ்வேட்டில் கண்டிருந்தோம்; மலரில் அது இல்லை. இன்று எங்குமே இல்லை. சொற்குழப்பம் ஓர் ஆத்துமாவின் நினைவையே அழித்துவிட்டது.

மொர்தெகாயின் நற்செயலை அரசன் மறந்திருந்தான், ஏடு மறக்கவில்லை. உறக்கமற்ற ஓரிரவில் அது வாசிக்கப்பட்டது (எஸ்தர் 6:1-3).

ஆகவே 'அன்னல்ஸ்' என்பதை 'ஆண்டுக்குறிப்பேடு' என்று பெயர்ப்பதே தகும் என்பது நம் கருத்து. வரலாற்றைப் பின்வருவோர் திருத்தி எழுதலாம். ஏடு அழிந்தால் எதைக்கொண்டு திருத்துவர்? ஆயர் பணிக்கு ஆயத்தமாகும் மாணவர், தம் சபையின் இரும்புப் பெட்டியை முதலில் திறந்து பார்ப்பாராக.