குரல் உடைந்த பிறகு

தொலைக்காட்சியில் பாடும் குழந்தைகளைப் பற்றி நம்மிடையே இரண்டே விதமான பேச்சுத்தான் உண்டு. ஒன்று, தெய்வக் குழந்தை என்ற பரவசம். மற்றது, குழந்தைப் பருவம் பறிபோகிறதே என்ற அங்கலாய்ப்பு. இரண்டிலும் சங்கீதம் பற்றிய விசாரம் இல்லை. நான் சங்கீதத்தைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

விஜய் தொலைக்காட்சியின் 'சூப்பர் சிங்கர் ஜூனியர்' மூன்றாம் போட்டியில், 2012இல், திருச்சிப் பையன் ஆஜித் வென்றார். 2020இல் 'பிக் பாஸ்' நான்காம் பருவத்தில் அவர் இளைஞராக வந்தபோதும், பலர் அவரிடம் தேடியது அந்தச் சிறுவனைத்தான் என்று எனக்குத் தோன்றியது. அவர் திறமை பற்றி எனக்குச் சந்தேகமில்லை. என் சந்தேகமெல்லாம் அந்த மேடையின் ரசனை பற்றியது.

அங்கே குழந்தை பாடுவது ஏற்கெனவே பதிவான சினிமாப் பாட்டு. மூலப் பாடகர் எந்த இடத்தில் சங்கதியை இறக்கினாரோ அதே இடத்தில் இறக்கினால் சபாஷ். பத்து வயதுத் தொண்டையிலிருந்து நாற்பது வயதுத் துயரம் வருகிறதே என்பதுதான் பிரமிப்பு. அதாவது, வயதுக்கும் பாட்டுக்கும் உள்ள பொருத்தமின்மையே அங்கு ரசிக்கப்படுகிறது. குரல் உடைந்து அந்த இடைவெளி மறைந்ததும் பிரமிப்பும் போய்விடுகிறது. பிறகு எஞ்சுவது மெல்லிசை மேடை, கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா. அங்கேயும் கேட்பது அதே பாட்டுக்களைத்தான். போதாததற்கு, அவனுடைய பழைய குரலே யூடியூபில் நிரந்தரமாக இருந்து அவனோடு போட்டி போடுகிறது.

இதே திருச்சியில் இன்னொரு பையன் இருந்தான். ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப். ஜி. நடேச ஐயர் 1914இல் தொடங்கிய ரசிக ரஞ்சன சபாவின் 'ஹரிச்சந்திரா' நாடகத்தில் அவன் லோகிதாசனாக நடித்துப் பாடினான். அவனும் கூட்டம் மெச்சிய குழந்தைதான். ஆனால் அதற்குப் பிறகு மதுரை பொன்னு ஐயங்காரிடம் ஆறு வருஷம் சிட்சை. 1926இல் 'பவளக்கொடி' நாடகத்தில் அர்ஜுனனாக வந்தபோது எம். கே. தியாகராஜ பாகவதரிடம் இருந்தது வேறு குரல். 1934இல் அந்த நாடகமே படமாயிற்று. லோகிதாசன் பாடியது எந்தத் தட்டிலும் இல்லை. அதனால் பாகவதர் லோகிதாசனோடு ஒப்பிடப்படவும் இல்லை. நாடகக் கம்பெனிகளைப் புனிதப்படுத்த இதைச் சொல்லவில்லை. பையன்களை வாட்டி வதைத்த கம்பெனிகள் அந்தக் காலத்தில் ஏராளம். ஆனாலும் மறக்கப்படும் சௌகரியம் அந்தப் பையனுக்குக் கிடைத்தது. அந்த மறதிக்குள் இருந்துதான் பாடகன் உருவானான்.

எல்லாக் கலையும் போலச்செய்தலில்தானே துவங்குகிறது என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். காவேரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்தில் அரையர் சேவை நடக்கிறது. மார்கழியில் பகல்பத்திலும் இராப்பத்திலும் பிரபந்தப் பாசுரங்களைத் தாளமும் அபிநயமுமாக அரையர்கள் சேவிக்கிறார்கள். பரம்பரையாக வரும் கலை, பாடமும் மாறுவதில்லை. அங்கேயும் சிறுவன் பெரியவரைப் பார்த்தே கற்கிறான். ஆனால் அவன் முன்னே இருப்பது உயிருள்ள மனிதர். அவர் குரலும் வயதோடு மாறிக்கொண்டே வருகிறது. குரல் மாறும் என்பதையும் சேர்த்தே அவன் கற்றுக்கொள்கிறான். ஒலிநாடா இதைக் கற்றுத்தராது. அது ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒருவர் பாடியதை மாறாத அளவுகோலாக்கி விடுகிறது.

இதில் பழியைத் தொலைக்காட்சி மீது மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிட நமக்கு உரிமையில்லை. 'அப்படியே பாலசுப்பிரமணியம் மாதிரி' என்பதை உச்சபட்சப் பாராட்டாக வைத்திருப்பது நாம்தான். மாதிரி இல்லாமல் பாடும் குழந்தையை நாம் தவறாகப் பாடுவதாகவே கேட்கிறோம். இந்தக் காது மாறாதவரை எத்தனை போட்டி நடந்தாலும் நமக்குப் புதிய பாடகன் கிடைக்கமாட்டான். பழைய பாடகரின் இன்னொரு பிரதிதான் கிடைக்கும்.

இந்தப் போட்டிகளில் வீடுகூடப் பரிசாகத் தந்திருக்கிறார்கள். அதற்குப் பதில் ஆறு வருஷத்துக்கு ஒரு வாத்தியாரைத் தரலாம். அந்த ஆறு வருஷமும் அவனைப் பாடச் சொல்லி மேடைக்கு இழுக்காமலும் இருக்கலாம்.