மெட்டு பழசு, கோரிக்கை புதுசு

நாற்று நடும் பெண்கள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவார்கள். கணுக்கால் வரை சேறு, இடக்கையில் நாற்றுமுடி, நாள் முழுக்க வளைந்த முதுகு. கோமுகி அணைத் தண்ணீர் பாயும் கள்ளக்குறிச்சி வயல்களில் நடவுப் பாட்டு கேட்டவர்கள் அதன் அடியளவைக் கவனித்திருப்பார்கள். குனிந்தவளின் மூச்சு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் அடியின் நீளம். வயிறு மடங்கிய நிலையில் நீண்ட அடி பாட முடியாது. அதனால் அடிகள் குட்டை. ஈற்றில் ஓர் இழுப்பு. முன்பாட்டுக்காரி அந்த இழுப்பில் மூச்சு வாங்க, மற்றவர்கள் பாட்டைத் தரையில் விழாமல் பிடித்துக்கொள்வார்கள்.

ஏற்றப்பாட்டும் இப்படித்தான். மேலே துலாவில் ஏறி இறங்கும் கால்கள், கீழே சாலைப் பிடித்துத் தண்ணீர் கவிழ்ப்பவரின் கை, இரண்டையும் இணைப்பது பாட்டு. அதுவே கணக்கும்கூட. எத்தனை சால் இறைத்தோம் என்பதைப் பாட்டுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு போவார்கள். ஏற்றக்காரர் ஓர் அடியைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக, மீதியை எப்படி முடிப்பார் என்று கம்பர் இரவெல்லாம் யோசித்துக் காத்திருந்ததாக ஒரு கதை உண்டு. கதை நடந்ததோ இல்லையோ, அதை உண்டாக்கிய தமிழர்களின் ரசனை மெய்யானது. கவிச்சக்கரவர்த்தியைக் கிணற்று மேட்டில் மாணவராக உட்காரவைத்தார்களே!

இந்த வேலைப் பாட்டுகளுக்குள் கோரிக்கை முன்பே ஒளிந்திருக்கிறது. பொழுது சாய்ந்தது, இடுப்பு ஒடிகிறது, மரக்கால் சிறுத்துவிட்டது, எங்களை வீட்டுக்கு விடுங்கள் என்று வரப்பில் குடை பிடித்து நிற்பவர் காதில் விழும்படி பாடுவார்கள். நேரில் சொன்னால் எதிர்ப்பேச்சு; பாடினால் பாட்டு. போராட்டப் பாட்டின் விதை இதுதான். சங்கமும் கொடியும் பின்னால் வந்தவை.

அமெரிக்கத் தொழிலாளர்களின் பாட்டுகளை இந்தக் காதோடு கேட்டுப் பாருங்கள், அந்நியமாகவே தோன்றாது. 1905இல் சிகாகோவில் தொடங்கிய உலகத் தொழிலாளர் சங்கத்தினர் தெருமுனைகளில் பேச நின்றால், இரட்சணிய சேனையின் வாத்தியக் குழு பக்கத்தில் வந்து முழக்கும், பேச்சு அமுங்கிவிடும். சங்கத்தார் அந்தத் துதிப்பாடல்களின் மெட்டையே எடுத்துத் தங்கள் சொற்களை ஏற்றினார்கள். எதிராளி வாசிக்க வாசிக்க இவர்கள் பாட்டுக்குப் பக்கவாத்தியம்! ஸ்வீடனிலிருந்து பிழைக்கப் போன ஜோ ஹில் இந்தக் கலையில் பெரிய கை. 1909இல் வெளியான சங்கத்தின் சிவப்புப் பாட்டுப் புத்தகம் சட்டைப்பைக்குள் அடங்கும் அளவு. கொலைக் குற்றம் சாட்டப்பட்டு 1915 நவம்பர் 19 அன்று யூட்டா மாநிலத்தில் ஹில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பாட்டுகள் சாகவில்லை, ஏனென்றால் அந்த மெட்டுகள் அவருக்கு முன்பே ஜனங்களிடம் இருந்தவை.

1931இல் கென்டக்கியின் ஹார்லன் நிலக்கரி வட்டாரத்தில் ஷெரிப்பின் ஆட்கள் சங்கத் தலைவர் ஒருவரைத் தேடி வீட்டுக்குள் புகுந்தார்கள். அவர் மனைவி ஃப்ளாரன்ஸ் ரீஸ், சுவரில் தொங்கிய காலண்டர் தாளைக் கிழித்து அதிலேயே பாட்டு எழுதினார். மெட்டு, ஜனங்களுக்குப் பழகிய ஒரு பழைய பாட்டு. நீ எந்தப் பக்கம் என்று கேட்கிற அந்தப் பாட்டில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. வரும்போதெல்லாம் கேட்பவர் மேல் கூடுதலாக அழுந்துகிறது.

நம் பள்ளிப் பிள்ளைகள் இந்தியில் பாடும் ‘ஹம் ஹோங்கே காம்யாப்’ பாட்டின் மூலமும் ஒரு வேலைநிறுத்தத்தைக் கடந்து வந்ததே. 1945–46 குளிர்காலத்தில் அமெரிக்காவின் சார்லஸ்டன் நகரப் புகையிலை ஆலையில் கறுப்பினப் பெண்கள் பெரும்பான்மையாக நின்ற மறியலில், லூசில் சிமன்ஸ் ஒரு கோயில் பாட்டை மிக மெதுவாக இழுத்துப் பாடினார். ‘நான்’ என்றிருந்தது அங்கே ‘நாம்’ ஆனது. டென்னசியின் ஹைலேண்டர் பள்ளிக்கு அது போனது. அங்கிருந்த ஜில்பியா ஹார்ட்டனிடமிருந்து பாடகர் பீட் சீகரிடம் சென்று, 1960களில் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டத்தின் கீதமானது.

நம்மவர்களும் இதே வழியைத் தாமாகவே கண்டார்கள். தஞ்சையிலிருந்து இலங்கை சென்ற கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். கூட்டங்களில் அவர் பேசுமுன் மனைவி மீனாட்சி அம்மாள் பாடுவார். மலையகத் தமிழரின் பாடுகளை, அவர்களுக்குப் பழகிய மெட்டுகளில் கட்டி 1940இல் சிறு நூலாகவும் வெளியிட்டார். கங்காணி, துரை, பேர் அட்டை என்ற லயத்துச் சொற்களோடு நாள் கழித்தவர்களுக்குப் பேச்சைவிடப் பாட்டு எளிதில் வீடு வரை போனது. ஹார்லனில் ரீஸ், தேயிலை மலையில் மீனாட்சி அம்மாள்: ஒருவரை ஒருவர் அறியாத இரு பெண்கள், ஒரே பத்தாண்டில், ஒரே உத்தி.

தமிழ்நாட்டில் சிங்காரவேலர் 1923இல் சென்னையில் மே தினக் கொடி ஏற்றினார். ஜீவா மேடைக்குப் பாட்டெழுதினார். விவசாயிகள் இயக்கத்தில் வளர்ந்து 29 வயதிலேயே மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் நாட்டார் சந்தத்தை மாற்றாமல் சினிமாவுக்குள் கொண்டுபோனார். கேரளத்தின் தேவிகுளத்தில் 1958 இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தோட்டம் தோட்டமாகப் பாடியவர் பாவலர் வரதராஜன். தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த அந்தத் தொகுதியில் அவர் கையாண்டதும் ஜனங்கள் வாயில் இருந்த மெட்டுகளைத்தான். அவர் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றி ஆர்மோனியத்தில் கை பழகிய தம்பிதான் இளையராஜா. ‘அன்னக்கிளி’யில் நாடு கேட்ட வயல்காட்டு வாசம் அந்த மேடைகளையும் தாண்டி வந்தது.

கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அவர்களின் சங்கம் கேட்டது கூடுதல் நெற்கூலி. அந்த நெருப்பிலிருந்து இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை கே. ஏ. குணசேகரன் பாடிக் கேட்க வேண்டும். தொண்டையைத் திறந்துவிட்டு மேல் சுருதியில் எடுப்பார், குழைவு இராது. தலைப்புச் சொல் வாதமாகவும் சாட்சியமாகவும் திரும்பத் திரும்ப வரும். கூட்டம் அந்த ஒரு சொல்லை மட்டும் சேர்ந்து பாடினால் போதும், பாட்டு முழுமையாகிவிடும். கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடும்போது ஏற்படும் அதே நிறைவு இது. விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கம் விடிய விடிய தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டம் கரும்பு விளையும் பூமி. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு ஆலைகள் இருக்கின்றன. ஃபிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட நம் பெண்களைப் பாரதி பாடியதை, அரிவாளும் சோகை கிழித்த கையுமாக நிற்கும் வெட்டாட்களின் நடுவில் நினைத்துப் பார்த்தால் அது தூரதேசத்துப் பாட்டாகப் படாது. உயரே கல்வராயன் மலையில் கதை இன்னும் கடுமையானது. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் ஜாகீர்களின் கீழ் மலையாளிப் பழங்குடி மக்கள் கூலியில்லாமல் உழைத்தார்கள். 1976இல்தான் ஜாகீர் ஆட்சி முடிவுக்கு வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டுதான்.

அப்போது இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபது. வெள்ளிமலையிலும் கருமந்துறையிலும் சாமை விதைத்த, கேழ்வரகு அறுத்த, கூலியின்றிச் சுமை தூக்கிய காலத்துப் பாட்டுகள் அவர்களோடு போய்விடக் கூடாது. அமெரிக்காவில் நாட்டுப் பாடல் சேகரித்த லோமாக்ஸ் தந்தையும் மகனும் 1933இல் கனத்த ஒலிப்பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு தென்மாநிலச் சிறைகளுக்குள் போய் வேலைப் பாட்டுகளைப் பதிந்தார்கள். இங்கே பேராசிரியர் நா. வானமாமலை நண்பர்களையும் மாணவர்களையும் சேர்த்துத் திரட்டி, 1964இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பைத் தந்தார். இன்று ஒவ்வொரு கல்லூரி மாணவர் கையிலும் பதிவுக் கருவி இருக்கிறது. பாடுபவரின் பெயர், ஊர், எந்த வேலைக்கு எந்த நேரத்தில் பாடியது என்ற குறிப்போடு பதிய வேண்டும். வேலையைக் கழற்றிவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்தால் பாதி உயிர் போய்விடும்.

மேடைக்குப் புதுப் பாட்டு கட்டுகிற இளைஞர்களுக்கும் இதில் பாடம் உண்டு. சொல்லில் கோபத்தை ஏற்றுவது எளிது. அதற்குப் பழக்கமுள்ள ஒரு மெட்டைக் கண்டுபிடிப்பதுதான் கலைத்திறன். முதல் முறை கேட்டவர், இரண்டாவது அடி வருமுன் தானும் சேர்ந்து பாடும்படி ஒரு பாட்டு அமைந்தால் அது நிற்கும். நின்று கைதட்ட மட்டும் வைத்தால், எவ்வளவு நியாயமான கோரிக்கையைச் சுமந்தாலும் அது இன்னும் பாடகருடையதுதான். தொழிலாளிக்குப் போய்ச் சேரவில்லை.