கூட்டைக் கட்டியவன்தான் தகப்பனா?

உத்திரமேரூர் ஏரிக்கரைப் பனைகளில் ஆண் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டைக் கட்டிவிட்டுச் சிறகடித்து அழைக்கும். பெண் வந்து உள்ளே நுழைந்து பார்க்கும், பிடித்தால் தங்கும். ஆண் அந்தக் கூட்டை முடித்துவிட்டுப் பக்கத்து ஓலையில் அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும். இந்தப் பலதார வழக்கத்தை மகாராஷ்டிரத்தின் கிகிமில் 1930 வாக்கில் பறவையியலாளர் சாலிம் அலி கண்ணால் பார்த்தே கண்டறிந்தார். ஆனால் கூட்டைக் கட்டிய ஆண்தான் குஞ்சுகளுக்குத் தகப்பனா? அதைச் சொல்ல மரபணு அடையாளம் வேண்டும். இறக்கைக்கு அடியில் எடுக்கும் ஒரு துளி ரத்தம் போதும். நம்முடையதைப் போலன்றி, பறவையின் சிவப்பணுவில் மரபணுவைத் தாங்கும் உட்கரு உண்டு.

அந்தத் துளியை எவ்வளவு நம்பலாம்? நம் மலைகளிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. வி.வி.ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி உள்ளிட்ட ஆய்வாளர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டுப் பறவைகளை ஆராய்ந்து, 2017இல் ஷோலிகோலா, மான்டெசிங்க்லா என்ற இரண்டு புதிய பேரினங்களை அறிவித்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கிலும் தெற்கிலும் இருக்கும் ஷோலிகோலாப் பறவைகள் வெகுகாலத்துக்கு முன்பே பிரிந்தவை என்று காட்டினார்கள். இந்த முடிவு நிற்கிறது என்பதே என் கருத்து. தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவோடு அவர்கள் நின்றிருந்தால் நான் ஏற்றிருக்க மாட்டேன். அது தாய்மார்களின் வரலாறு மட்டுமே. ஆனால் அவர்கள் உட்கரு மரபணுக்கள், உடல் அளவு, நிறம், பாட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

நம் பனைமரத்துக் கேள்வி வேறு. அங்கே தேவை, பறவைக்குப் பறவை வேறுபாடு காட்டும் மரபணுத் துண்டுகளான நுண்துணைக்கோள்கள், அதாவது மைக்ரோசாட்டிலைட்டுகள். அவற்றைப் பிரதியெடுக்கத் தொடங்கிவைக்கும் குறுந்துண்டுகள் பிரைமர்கள். ஓர் இனத்துக்காக உருவாக்கிய பிரைமர்களை இன்னோர் இனத்தில் போட்டுப் பார்ப்பது செலவு குறைந்த வழி; ஆபத்தும் அதில்தான். பிரைமர் ஒட்ட வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அந்தப் பிரதி பெருகாமல் போகலாம். இரண்டு வடிவம் உள்ள பறவைக்கு ஒன்றே இருப்பதாகத் தெரியும். மறைந்துபோனதைத்தான் குஞ்சுக்குக் கொடுத்திருந்தால், உண்மையான தகப்பனே தகப்பன் இல்லை என்று தள்ளப்படுவான். இல்லாத கள்ள உறவு ஒன்று ஆய்வுக் கட்டுரையில் ஏறிவிடும்.

ஆகவே தூக்கணாங்குருவிக்கென்றே அடையாளங்களை உருவாக்காமல் தகப்பனைப் பற்றிப் பேசுவதை நான் ஏற்கவில்லை. உருவாக்கியவற்றையும் முதலில் அடைகாக்கும் தாயிடமும் அதன் குஞ்சுகளிடமும் சோதிக்க வேண்டும். தாயும் குஞ்சும் பல கூடுகளில் ஒரே அடையாளத்தில் பொருந்தாமல் போனால், குறை அந்த அடையாளத்தில் இருக்கிறது; அதைக் கழித்துவிட்டுத்தான் ஆணின் ரத்தத்தைத் தொட வேண்டும்.