முதல் சிறிது, வழி நெடிது

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது தமிழ்க் குடும்பங்களில் வழங்கும் பழமொழி. வீட்டுக்குச் சொன்ன இவ்வறிவுரை கலைக்கும் பொருந்துமா என்னும் வினாவை மலேசியத் தமிழ்த் திரைப்படம் எழுப்பியிருக்கின்றது. சிறு முதலில் படம் எடுத்தல் இயலும் என்பதை அது மெய்ப்பித்து விட்டது. எடுத்த படம் மக்களிடம் சென்று சேர்தலே இன்றும் அரிதாக உள்ளது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் திறனாய்வில் குழப்பம் விளைகின்றது. ஆதலின் அவற்றைத் தனித்தனியே நோக்குதல் வேண்டும்.

இதற்கு ஜொகூர் மாநிலம் நல்லதோர் எடுத்துக்காட்டு. இஸ்கந்தர் புத்திரியில், முன்னாளில் பெரும்பகுதி தோட்ட நிலமாயிருந்த வட்டாரத்தில், ஏறத்தாழ 1,00,000 சதுர அடிப் படப்பிடிப்புக் கூடங்களைக் கொண்ட பெருநிலையம் ஒன்று எழுந்தது. பைன்வுட் என்னும் ஆங்கில நிறுவனத்தின் பெயரைத் தாங்கித் தொடங்கிய அந்நிலையத்தில், 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மார்க்கோ போலோ' என்னும் தொடர் படமாக்கப்பட்டது. அதன் முதற் பருவத்துக்கு மட்டும் ஏறத்தாழ ஒன்பது கோடி அமெரிக்க வெள்ளி செலவானதாகச் செய்தித்தாள்கள் எழுதின. படத் தயாரிப்புச் செலவில் 30 விழுக்காட்டைத் திருப்பித் தரும் ஊக்கத் திட்டமும் நாட்டில் ஏற்பட்டது. ஆனால் குறித்ததொரு பெருந்தொகைக்கு மேல் செலவிடுவோர்க்கே அத்திட்டம் கதவு திறந்தது. கடன் வாங்கிப் படம் எடுப்பவன் அந்த வாயிலில் நிற்கவும் தகுதி பெறான். தோட்டம் இருந்த நிலத்தில் கூடம் எழுந்தது. தோட்டத்து மக்களின் கதையோ அக்கூடத்துக்கு வெளியே, எளிய கருவிகளால் படமாயிற்று.

எளிய கருவிகளின் காலம் இந்நாட்டில் 2000-ஆம் ஆண்டளவில் பிறந்தது. அமிர் முகம்மது எடுத்த 'லிப்ஸ் டு லிப்ஸ்' இலக்கக் காணொளிப் பதிவில் உருவான முதல் மலேசிய முழுநீளப் படமாகக் கருதப்படுகின்றது. ஜேம்ஸ் லீ, ஹோ யூஹாங், தான் சுய் முய் முதலியோர் அவ்வழியில் நடந்தனர். விலையுயர்ந்த படச்சுருளும், பெரிய விளக்குகளும், பெருங்குழுவும் வேண்டா என்ற நிலை வந்ததும், அதுவரை திரைக்கு வெளியே நின்ற மொழிகளும் வாழ்க்கைகளும் உள்ளே நுழைந்தன. அவ்வாறு நுழைந்த தமிழ்ப்படமே தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005).

ரப்பர்த் தோட்டத்தில் வாழும் ஒரு குடும்பத்தையும், மேற்படிப்பை நாடும் ஒரு பெண்ணையும் பற்றியது அப்படம். அதில் படக்கருவி பெரும்பாலும் ஓரிடத்தில் நிலைத்து நின்று, மனிதரைச் சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கின்றது. இதனைப் பணமின்மையின் விளைவு என்று சிலர் தள்ளிவிடலாம்; கலைநுட்பம் என்று வேறு சிலர் புகழலாம். இரண்டும் முழு உண்மை அல்ல. தோட்டத்து வாழ்க்கை பேரட்டுக்கும் மருந்தகத்துக்கும் லயத்துக்கும் இடையே ஒரே தடத்தில் நடந்த வாழ்க்கை. அதன் காலம் மெல்ல நகர்ந்தது. அந்த மெதுவைக் காட்ட நிலைத்து நிற்கும் கருவி பொருத்தமான கருவியே. வறுமை ஈண்டு வடிவமாகிவிட்டது. ஆனால் நடிகர் மொழியில் தளர்ச்சி தோன்றும் இடங்களில் அதே அமைதி வெற்றிடமாகின்றது. சிக்கனம் பொருளோடு பொருந்தும்போது அழகாகும், பொருந்தாதபோது குறையே. குறையைக் குறை என்று சொல்லாத பாராட்டு, இளங்கலைஞர்க்கு உதவி செய்வதில்லை.

பத்தாண்டு கழித்து, 2015 டிசம்பரில் வெளிவந்தது சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்'. தோட்டம் சிதைந்த பின் புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒதுங்கிய மக்களின் 1990-ஆம் ஆண்டுக் காலத்து வாழ்க்கை அதன் பொருள். கற்பனை மிகுந்த அப்போய் என்னும் சிறுவன், வீட்டிலும் பள்ளியிலும் அடி வாங்குகின்றான். படித்து முன்னேறட்டும் என்று தந்தை விரும்புகின்றார். சிறுவனோ குண்டர் கூட்டத்தைச் சேர்ந்த சிற்றப்பனின் நிழலில் மதிப்பைத் தேடுகின்றான். அவனைக் கெட்டவனாக்கியவர் யார் என்னும் வினாவைப் படம் ஒருவர் தலையிலும் ஏற்றிவிடாமல், எல்லார் முன்னும் வைக்கின்றது. தமிழாசிரியர் இப்படத்தைத் தவறாது காணவேண்டும் என்பதற்கு இவ்வொரு காரணமே போதும்.

மற்றொரு காரணம் அதன் மொழி. 'ஜஹாட்' என்னும் மலாய்ச் சொல் கெட்டது என்று பொருள்படும். அது தோட்டத் தமிழர் நாவில் புரண்டு 'ஜகாட்' ஆயிற்று. படத்தின் பெயரே இந்நாட்டுத் தமிழின் வரலாற்றைச் சொல்லுகின்றது. பாத்திரங்கள் சென்னைத் திரைப்படத் தமிழும் பேசவில்லை. மேடைத் தமிழும் பேசவில்லை. தங்கள் வீட்டுத் தமிழைப் பேசுகின்றனர். மொழித் தூய்மையைப் போற்றும் ஆசிரியர்க்கு இது முதலில் உறுத்தலாம். ஆனால் வகுப்பறைக்கு உரிய தமிழ் வேறு. ஒரு பாத்திரத்தின் வாய்க்கு உரிய தமிழ் வேறு. பேச்சு வழக்கை அஞ்சி ஒதுக்கியிருந்தால், அப்போய் என்னும் சிறுவன் பொம்மையாகியிருப்பான். குண்டர் கூட்டக் காட்சிகள் சிலவற்றில் தமிழகப் படங்களின் சாயல் மிகுதி என்று ஒரு குறை கூறலாம். அத்தகைய படங்களைக் கண்டு வளர்ந்த மக்களின் கதை என்பது அதற்கு ஓரளவே விடையாகும்.

இனி, படம் மக்களைச் சேரும் வழியைக் காண்போம். 'செம்மண் சாலை'யின் காலத்தில் அரங்குகளில் 35 மில்லிமீட்டர்ச் சுருளே ஓடியது. இலக்கப் பதிவைச் சுருளுக்கு மாற்றுவது தனிப் பெருஞ்செலவு. பின்னர் அரங்குகளும் இலக்க முறைக்கு மாறின. சுருள் தடை நீங்கியது. இடத் தடை நீங்கவில்லை. 'ஜகாட்' வெளிவந்த அதே மாதத்தில்தான் 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் புதிய படம் உலகெங்கும் திரைகளை நிரப்பியது. தமிழகத்துப் பெருநடிகர் படங்களும் தமிழ்க் காட்சி நேரங்களை ஆண்டுதோறும் கவர்கின்றன. வசூலில் ஒரு பெரும்பங்கு அரங்கினர்க்குச் சேரும். எஞ்சியதில் விளம்பரமும் விநியோகமும் தத்தம் பங்கைக் கேட்கும். முதல் வாரத்தில் கூட்டம் இல்லையேல் படம் இறங்கிவிடும். வாய்வழிச் செய்தி பரவுவதற்கு வேண்டிய நாள்களைத்தான் சிறு படம் விலைகொடுத்து வாங்க இயலுவதில்லை.

மொழி வேலியும் உண்டு. 2016-இல் நடந்த 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் 'ஜகாட்' மலாய் அல்லாத மொழிப் படம் என்னும் தனிப்பிரிவில் வைக்கப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. முதற்குரல் எழுப்பி விழாவிலிருந்து விலகியவர்களுள் ஒளிப்பதிவாளர் முகம்மது நோர் காசிம் ஒருவர் என்பது போற்றத்தக்கது. பிரிவுகள் திருத்தப்பட்டன; 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்நாட்டு மண்ணில் பிறந்த தமிழ்க்கதை இந்நாட்டுக் கதையே என்பது அன்று நிலைநாட்டப்பட்டது. எனினும் விருது ஒரு படத்துக்குப் பெருமை தருமேயன்றி, அடுத்த படத்துக்கு அரங்கு தருவதில்லை. ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்கிரகாரத்தில் கழுதை' (1977) இந்தியத் தேசிய விருது பெற்றும் தமிழக அரங்குகளில் பரவலாக ஓடவில்லை என்பதை ஈண்டு நினைக்கலாம்.

அதே ஜான் ஆபிரகாம் பிற்காலத்தில் வேறு வழி கண்டார். கேரளத்தில் ஒடேசா என்னும் கூட்டமைப்பின் வாயிலாக ஊர் ஊராகச் சென்று, பொதுமக்களிடம் சிறு தொகைகளைத் திரட்டி, 'அம்ம அறியான்' (1986) என்னும் மலையாளப் படத்தை எடுத்தனர். வணிக அரங்குகளை நம்பாமல் தாமே ஊர்களுக்குக் கொண்டு சென்று காட்டினர். படத்துக்குக் காசு கொடுத்தவரே அதைக் காண்பவரும் ஆயினர். எடுத்தலும் சேர்த்தலும் ஒரே வினையாயின. இந்தக் கருத்தே பயன்மிக்கது.

ஜொகூரில் எழுபதளவில் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. சிகாமாட், குளுவாங், கூலாய், மாசாய் முதலிய ஊர்களில் மன்றங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோயில் மண்டபங்களும் இருக்கின்றன. தணிக்கைச் சான்று பெற்ற படத்தை, உரிமையாளர்க்கு முறையான கட்டணம் செலுத்தி, இவ்விடங்களில் சுற்றாகத் திரையிடுவது பெருஞ்செயல் அன்று. படம் முடிந்ததும் ஆசிரியர் ஒருவர் அரை மணி நேரம் கலந்துரையாடல் நடத்தினால், அது மொழிப்பாடமும் வரலாற்றுப் பாடமும் ஆகும். இலவசமாகக் காட்டுதல் கூடாது. காசு கொடுத்துக் காணும் பழக்கமே அடுத்த படத்துக்கு விதை.

பால்மரத்தைத் தொட்ட கைகள் முதுமையுற்றுவிட்டன. லயங்கள் பல இடிந்து, அவை இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. அவ்வாழ்க்கையை அறிந்தவர் இருக்கும்போதே அது படமாக வேண்டும். படமானது காணப்பட வேண்டும். படம் எடுக்கச் சிறு முதல் போதும் என்பதை இளைஞர் காட்டிவிட்டனர். பார்ப்பவரைத் திரட்டும் கடமை தமிழ் கற்றோர்க்கு உரியது.