ஜவ்வாது ஏற்றத்தில் டிராவலரா, விங்கரா?

கண்ணமங்கலத்தில் வேன் ஓட்டிப் பிழைப்பவருக்குக் களம் ஒன்றல்ல, இரண்டு. முதலாவது சமதளம். வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை போகும் தேசிய நெடுஞ்சாலை 38 ஊரைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. பௌர்ணமிக்குக் கிரிவலம், அமாவாசைக்கு மேல்மலையனூர், ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள், முகூர்த்த நாளில் கல்யாண வண்டி, நடுநடுவே வேலூர் சி.எம்.சி.க்குப் போகும் நோயாளிகள் என்று வருஷம் முழுக்க சவாரி உண்டு. இரண்டாவது களம் மேற்கே இருக்கிறது. அமிர்தி காட்டைத் தாண்டினால் ஜவ்வாது மலை. கோடை விழா சமயத்தில் ஜமுனாமரத்தூருக்கும் பீமன் அருவிக்கும் ஆள் ஏற்றாத வேன் இந்தப் பக்கத்தில் குறைவு.

புது வண்டி எடுக்க வருகிறவர் முன்னால் கடைசியில் நிற்பவை பெரும்பாலும் இரண்டுதான்: ஃபோர்ஸ் டிராவலர், டாடா விங்கர். சமதளத்தில் இந்த இரண்டும் ஏறக்குறைய சமபலம். மலையில் அப்படி இல்லை. அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் கட்டுவது நல்லது.

இருவரின் பூர்வீகமும் ஐரோப்பா. 1977இல் ஜெர்மனியில் வந்த மெர்சிடிஸ் பென்ஸின் டி1 வேனை அடிப்படையாக வைத்து, அன்றைய பஜாஜ் டெம்போ நிறுவனம் 1987இல் டிராவலரைக் கொண்டுவந்தது. நிறுவனம் 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிய பிறகும் ஊர் வாயில் அது டெம்போ டிராவலராகவே நின்றுவிட்டது. விங்கர் இருபது வருஷம் இளையது. 1980இல் பிரான்ஸில் வெளிவந்த ரெனோ டிராஃபிக்கின் வடிவத்தை எடுத்து, டாடா அதை 2007இல் களமிறக்கியது. டிராவலருக்குப் பின்சக்கரம் இழுவிசை தருகிறது, விங்கருக்கு முன்சக்கரம். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற பல வித்தியாசங்களும் கிளைக்கின்றன.

முதலில் எஞ்சினைப் பார்ப்போம். பி.எஸ்.6 டிராவலரில் இருப்பது 2,596 சிசி டீசல்: 2,950 சுற்றில் 115 குதிரைத்திறன், 1,400 முதல் 2,200 சுற்று வரை 350 நியூட்டன் மீட்டர் டார்க். விங்கரில் 2,179 சிசி: 3,750 சுற்றில் 100 குதிரைத்திறன், 1,000 முதல் 3,500 சுற்று வரை 200 நியூட்டன் மீட்டர் டார்க். விளம்பரத் தாளை மேலோட்டமாகப் பார்ப்பவர் 115, 100 என்ற இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட்டுவிட்டு, பெரிய வித்தியாசம் இல்லை என்று முடிவுகட்டிவிடுவார். கொண்டை ஊசி வளைவில் எந்த ஓட்டுநரும் எஞ்சினை 3,750 சுற்றுக்கு விரட்டுவதில்லை. வளைவில் வண்டி தணிந்து, இரண்டாம் கியரில் மறுபடி கிளம்பும்போது எஞ்சின் 1,500 சுற்றுக்குப் பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்துக் கணக்கைப் போட்டால் டிராவலர் தருவது சுமார் 75 குதிரைத்திறன், விங்கர் தருவது சுமார் 43. உண்மையான ஸ்கோர் இதுதான்.

கியரை இறக்கி இந்தப் பள்ளத்தை விங்கர் நிரப்பலாம், நிரப்பவும் செய்கிறது. முதல் கியரில் எஞ்சினைக் கூவவிட்டு ஏறும் விங்கர் மேலே போய்ச் சேராமல் இருக்காது. ஆனால் அதற்கான விலையை கிளட்ச்சும் ஓட்டுநரின் இடது காலும் கொடுக்கின்றன. மலையே வேலையாக உள்ளவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஏற்றம் எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். காவலூர் வானோக்ககம் இருக்கும் மலைப்பகுதி கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல். கீழே இருக்கும் சமவெளியோடு ஒப்பிட்டால் ஏற வேண்டியது சுமார் 500 மீட்டர். ஆளும் மூட்டையுமாக மூன்றரை டன் எடையுள்ள வண்டியை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே ஒன்றரை லிட்டருக்கு மேல் டீசல் எரியும். தூரத்துக்கு ஆகும் டீசல் தனி. மலைச் சவாரிக்கும் சமதளச் சவாரிக்கும் ஒரே கிலோமீட்டர் ரேட் பேசுகிறவர் கைக்காசைத்தான் இழக்கிறார், அவர் எந்த வண்டி வைத்திருந்தாலும்.

அடுத்தது சக்கரம். ஏற்றத்தில் வண்டியின் பாரம் பின்பக்கம் சாயும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், மூன்றரை டன் வண்டியின் முன்சக்கரங்களிலிருந்து சுமார் நூறு கிலோ பின்சக்கரங்களுக்குப் போய்விடும். கடைசி வரிசையில் நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் சமையல் பாத்திரம், அரிசி மூட்டை என்றால் முன்பக்கம் இன்னும் லேசாகிறது. விங்கரை இழுப்பது அந்த முன்சக்கரங்கள்தான். ஐப்பசி மழையில் நனைந்த வளைவில், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துக்கொண்டு கிளம்பும்போது உள்பக்கச் சக்கரம் வழுக்கிச் சுழல்வது இதனால்தான். டிராவலருக்கு நிலைமை நேர்மாறு. பாரம் கூடக்கூட இழுக்கும் சக்கரத்துக்குப் பிடிமானமும் கூடுகிறது.

காலி வண்டி என்றால் கதை திரும்பும். எஞ்சின் எடை நேராக இழுக்கும் சக்கரங்கள் மேல் உட்கார்ந்திருப்பதால், ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக ஈரச் சாலையில் வரும் விங்கர் டிராவலரைவிட நிதானமாக நிற்கும். இறக்கத்திலும் அதற்கு ஒரு சாதகம் உண்டு. அப்போது பாரம் முன்னால் வருகிறது, எஞ்சின் பிடிப்பும் முன்சக்கரத்தில்தான் விழுகிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்று மூத்த ஓட்டுநர்கள் சொல்லும் பாடத்தை மதிக்காமல் நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பினால் இரண்டு வண்டியும் ஒன்றுதான். சூடேறிய பிரேக்கில் பெடல் உள்ளே போய்விடும்.

சமதளத்துக்கு இறங்கி வந்தால் விங்கரின் கை ஓங்குகிறது. பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டு அடியில் இல்லாததால் தளம் தாழ்வு, படி உயரம் குறைவு. முழங்கால் வலியோடு ஆஸ்பத்திரிக்கு வரும் பாட்டியும் பட்டுப்புடவையில் ஏறும் பெண்களும் அந்த வசதியை முதல் அடியிலேயே உணர்வார்கள். பயணிகள் வண்டிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 80 கிலோமீட்டரோடு நிறுத்திவிடும்போது, நெடுஞ்சாலையில் 350 நியூட்டன் மீட்டருக்குப் பெரிய வேலையும் இல்லை. தினமும் ஒரே வழியில் தொழிற்சாலை ஷிப்ட் ஆட்களை ஏற்றி இறக்குகிறவர் விங்கரை எடுப்பதில் தவறே கிடையாது. முன் டயரைத்தான் கவனிக்க வேண்டும். இழுப்பதும் திரும்புவதும் அதே டயர் என்பதால் அது முதலில் தேயும். முன் ஆக்சிலின் ரப்பர் உறை கிழிந்தால் உடனே மாற்றிவிட வேண்டும், மண் புகுந்தால் செலவு பெரிது.

மலை உண்டு என்று தீர்மானித்தவர் டிராவலரிலும் எந்த நீளம் என்று யோசிக்க வேண்டும். சக்கர இடைவெளி 3,350 மில்லிமீட்டர் உள்ளதும் வருகிறது, 4,020 உள்ளதும் வருகிறது. நீளமானதில் ஆள் அதிகம், வாடகையும் அதிகம். ஆனால் ஒடுங்கிய வளைவில் ஒரே ஒடிப்பில் திரும்பாமல், பின்னுக்கு எடுத்துத் திருப்ப நேரிடும், அதுவும் ஆள் நிறைந்த வண்டியில், பள்ளம் இருக்கும் பக்கமாக. சட்டக் கணக்கும் சேர்கிறது. ஓட்டுநர் நீங்கலாகப் பன்னிரண்டு பேர் வரை மேக்ஸி கேப். அதைத் தாண்டினால் பர்மிட்டும் வரியும் வேறு வகைக்குப் போகும். கண்ணமங்கலத்துக்கு என் கட்சி 3,350 டிராவலர், பன்னிரண்டு இருக்கை.

அந்தப் பன்னிரண்டு என்பது எழுத்தில் மட்டும் இருக்கக் கூடாது. 2022 ஏப்ரலில், இதே மலையின் திருப்பத்தூர் பக்கத்தில், கோயிலுக்குப் போனவர்களை நெருக்கி ஏற்றிச் சென்ற சிறு சரக்கு வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். இருக்கை இல்லாத வண்டியில் ஆட்களை ஏற்றியதும், ஏற்றத்துக்குத் தாங்காத பாரமும் சேர்ந்தால் எந்த எஞ்சினும் காப்பாற்றாது. மலை ஊர்களுக்குப் போதிய பஸ் இருந்தால் அந்த வண்டியில் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள். அதையும் அரசிடம் கேட்க வேண்டும்.

வாங்குமுன் சோதனை ஓட்டம் உண்டல்லவா? ஷோரூமிலிருந்து வெறும் வண்டியை பைபாஸில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினால் எதுவும் தெரியாது. பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், ஏற்றமான ஒரு வளைவின் நடுவே நிறுத்தச் சொல்லி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, அங்கிருந்து இரண்டாம் கியரில் எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் கியருக்குப் போகாமல், கிளட்ச் வாடை வராமல் எது கிளம்புகிறதோ அதற்கே முன்பணம். மலைக்கே போகாதவர் இந்தச் சோதனையை விட்டுவிட்டு, வீட்டில் வயதானவர்களை இரண்டு வண்டியிலும் ஏற்றி இறக்கிப் பார்த்தால் போதும்.